லிபுலேக்குக்கு ஒரு கையெழுத்து

பாலமலை ஏறிக்கொண்டிருக்கிறாள் பழனியாத்தாள். முதுகில் சாக்குப்பை. உள்ளே எட்டுக் கிலோவுக்கு ஓட்டை விழுந்த பம்பு வார்ப்புகள், எல்லாம் பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் நடத்தும் பவுண்டரியில் கழித்துப் போட்டவை. மேலிருந்து இறங்கி வருகிறவர், பை வாயில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பைப் பார்த்து, "ஏனுங்கம்மா, கோயில்ல பம்பு கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்கிறார். "இல்லீங்க, இமயமலைக்குப் போகோணும். பழகீட்டிருக்கறேன்" என்கிறாள், நிற்காமலே.

வயது ஐம்பத்து நான்கு. பிள்ளைகள் இல்லை. கணவர் போய்ப் பதினொரு வருடமாகிறது. பவுண்டரியை விற்றுவிடு என்று சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மண்ணில் மோல்டு போடுவதிலிருந்து சகலமும் கற்றுக்கொண்டவள். பிடிவாதம் அவளுக்குக் கூடவே பிறந்தது.

இந்த 94ஆம் வருடக் கயிலாய யாத்திரைக்குத் தேர்வானதாக டெல்லியிலிருந்து தந்தி வந்த நாள் முதல், அவள் பேச்செல்லாம் லிபுலேக் கணவாய்தான். பதினாறாயிரம் அடிக்கு மேலே, குடியிருப்பு எதுவும் இல்லாத எல்லை. இந்தப் பக்கம் நம் ஜவான்கள் கொண்டுவந்து விடுவார்கள்; அந்தப் பக்கம் சீனாக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள். "வெயிலேறறதுக்குள்ள தாண்டிப்போடோணுமாங்க, இல்லீனாக் காத்து ஆளையே தூக்கீருமாம்" என்று அவிநாசி பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வாள். குளிர் பழக ஐஸ் கம்பெனிக்குள் இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மூன்று நாள் மூக்கு ஒழுகியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அனுப்ப வேண்டிய காகிதங்களில் ஒன்று வில்லங்கமானது. எல்லைக்கு அந்தப் பக்கம் இறந்தால் உடலை அங்கேயே எரிக்கச் சம்மதம் என்று எழுதியிருந்தது. நெருங்கிய சொந்தம் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்கென்று இருந்த சொந்தம் அண்ணன் நஞ்சுண்டன் ஒருவர்தான்.

அவர் காகிதத்தைத் தொடவேயில்லை. "ஏனம்மணி, அக்கட்டால போயிச் செத்துப்போட்டா, பொறந்த ஊட்டுக் கோடிய ஆரு கொண்டாந்து போத்தறது? அனாதப் பொணமாட்டம் போகோணுமா?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்குப் பெண்கள் பணிந்துபோவார்கள். எவ்வளவு வசதியாக வாழ்ந்தவளானாலும், கடைசியில் உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலையோடுதான் போக வேண்டும். பழனியாத்தாளுக்கோ கோபம்தான் வந்தது.

"அதுதானுங்ணா கொறை? அப்ப இப்பவே எடுத்துக் குடுத்துருங்க. நானே கொண்டு போயிக்கறேன்."

பயந்து பின்வாங்கிவிடுவாள் என்று எண்ணித்தான், ஞாயிற்றுக்கிழமை அவர் நிஜமாகவே கோடிச் சேலையோடு வந்தார். உயிரோடிருப்பவர்கள் அதைத் தொடவே கூசுவார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, கஞ்சி மொடமொடப்போடு அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"அய்யோ, ஆத்தா!" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

அவள் காகிதத்தை மேசைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.