உள்ளே வரும்போதே எடுத்த அளவு

எங்கள் தெருத் தையல்காரர் ஆளைப் பார்த்ததுமே அளவைச் சீட்டில் எழுதிவிடுவார். டேப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு, ஒப்புக்குத்தான். நாளை எனக்கு முதல் நேர்காணல். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற மிதப்பில் நெஞ்சை நிமிர்த்தித்தான் அளவு கொடுத்தேன். இன்று போட்டுப் பார்த்தால், நிமிர்ந்தவுடன் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்க்கிறது.

"என்னண்ணே, டேப்புல நாப்பது வந்துச்சே?"

"டேப்புக்கு முன்னாடி யாருதான் நிமிர மாட்டாங்க? நீ பயந்து கூனிக்கிட்டு உள்ள வந்தப்பவே முப்பத்தெட்டுன்னு முடிவு பண்ணிட்டேன், தம்பி."

தோளைத் தளர்த்தினேன். சட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தியா!" என்று சிரித்தார். "உள்ள துணி விட்டிருக்கேன். பிரிச்சுத் தைக்கவா, வேண்டாமா?"

கண்ணாடி முன் நிமிர்ந்தும் கூனியும் பார்த்தேன். எது நான் என்று விளங்கவில்லை.

"பிரிச்சிடுங்கண்ணே" என்றேன். சொல்லும்போதே தோள் தொங்கியது.