பெர்னடெட் சுற்றிய சக்கரம்

பெர்னடெட்டின் தோள்களைப் பற்றிக் குருநகரில் ஒரு பகிடி உண்டு. மீன் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் சந்தைக்கு நடக்கிற வேகத்துக்கு, பின்னால் சைக்கிளில் வருகிறவன்தான் மூச்சு வாங்குவான் என்பார்கள். வள்ளம் கரை தட்டினால் கணவன் சந்தியோகுவோடு சேர்ந்து தானும் கயிற்றைப் பிடித்து இழுப்பாள்.

அப்படிப்பட்டவளை, 1987இல் முதற்பிள்ளை வயிற்றில் தங்கியதும், மாமியார் கத்தரீனா பாயை விட்டு எழும்ப விடவில்லை. பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. "அசையாதை பிள்ளை, சாப்பிடு" என்பதுதான் அந்த வீட்டில் காலையும் மாலையும் கேட்ட பேச்சு. முட்டைமாவும் பனங்கட்டியும் மாம்பழமுமாகக் கொடுத்தார்கள். வயிறு வளர்ந்த அழகைப் பார்த்து அயல் முழுதும் பூரித்தது. பிள்ளை பத்து இறாத்தல், நாலரைக் கிலோ. தலை வந்தது, தோள் வரவில்லை. ஒருவழியாக வெளியே எடுத்தபோது மூச்சில்லை. கொழுகொழுவென்று, கோயில் படத்தில் சிறகு விரித்த சம்மனசு போலக் கிடந்தான். எதனால் இப்படி ஆனது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தான் செய்த ஏதோ பாவம் என்று பெர்னடெட் தானே முடிவுகட்டிக்கொண்டாள்.

1990இல் ஷெல் விழத் தொடங்க, குருநகரை விட்டு மூன்று பேரும் மானிப்பாய்க்கு வந்தார்கள். வேலையிலிருந்து இளைப்பாறிய தபால் அதிபர் பரமலிங்கத்தார் தம் வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். கடலுக்குப் போகத் தடை, வெளியிலிருந்து சாமான் வரவும் தடை. சந்தியோகு விறகு கொத்தினான். அந்த அறையில்தான், 1992இல், பெர்னடெட்டுக்கு மறுபடியும் பிள்ளை தங்கி, தலைசுற்றலும் சத்தியெடுப்பும் வந்தன. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

கிளினிக்கில் செபநாயகம் என்றொரு இளம் டொக்டர். சிறுநீரை நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். பெர்னடெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சீனி, அம்மா. நிறையச் சீனி."

"கடையிலை சீனியைக் கண்டு எத்தினை மாசம், டொக்டர்! எனக்கு மட்டும் எங்கையிருந்து வந்தது?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே இருந்தார்.

"வயித்திலை பிள்ளை இருக்கேக்கை நச்சுக்கொடி தன்ரை பாட்டுக்குச் சில ஓமோன்களைச் சுரக்கும். பிள்ளைக்குச் சாப்பாடு கிடைக்கோணும் எண்டு, அது தாயின்ரை இன்சுலினை மறிச்சு வைக்கும். அப்ப இரத்தத்திலை சீனி தங்கும். கனபேரின்ரை உடம்பு அதைச் சமாளிக்கும். சிலருக்கு ஏலாது. மிஞ்சின சீனி பிள்ளைக்குப் போய்க் கொழுப்பாப் படியும். வயித்திலை, தோளிலை..."

"தோளிலையோ?"

அவள் கேட்ட விதத்தில் டொக்டர் பேச்சை நிறுத்தினார். பெர்னடெட் முதற்பிள்ளையின் கதையைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார்.

"உதாலைதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா ஒண்டு, அது உங்கடை பிழை இல்லை. அந்த ஒரு சொல்லை வீட்டை கொண்டுபோங்கோ, காணும்."

அன்று வீடு வரும் வழியெல்லாம் அவள் அழுதாள். ஐந்து வருஷமாகத் தூக்கிச் சுமந்த பாவம், ஒரு வாய் மாம்பழமும் ஒரு கொடியின் சுரப்புமாக மாறிப்போயிருந்தது. அன்பாக ஊட்டியதுதான் பிள்ளையின் தோளில் போய் ஏறியிருக்கிறது! இதைக் கத்தரீனாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் சொல்லாமலே விட்டாள்.

ஆசுப்பத்திரியில் இன்சுலின் மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் உயிரே போய்விடும் என்கிறவர்களுக்குத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே சோற்றைக் குறைத்தாள், பனங்கட்டியைத் தொடவில்லை. நிறம் செங்கல்லிலிருந்து மஞ்சளுக்கு இறங்கி அங்கேயே நின்றது. நடக்கச் சொன்னார் டொக்டர். நடந்தால் அடிவயிறு கல்லாக இறுகியது. ஒருநாள் உதிரமும் பட்டது. நடையை நிறுத்தினார்.

அடுத்த முறை போனபோது அவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "சண்டையாலை பாதை பூட்ட முந்தி வந்த ஒரு சஞ்சிகையிலை வாசிச்சனான். காலை விட்டிட்டுக் கையாலை மட்டும் அப்பியாசம் செய்விச்சிருக்கினம். கையாலை சுத்திற ஒரு மிசின். வயிறு இறுகேல்லையாம், சீனியும் இறங்கினதாம். ஆனா இஞ்சை ஒருத்தரும் செய்து பாத்ததில்லை. மிசினும் இல்லை."

மிசின் வீட்டிலேயே இருந்தது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், வானொலி கேட்கப் பரமலிங்கத்தார் தம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றுவார். சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் போகும். ஆனால் மூட்டு வாதம் அவரை அடிக்கடி மடக்கிப் போடும். செய்தி பாதியில் செத்துவிடும்.

"ஐயா, நான் சுத்தட்டோ?"

பரமலிங்கத்தார் பதறிப்போனார். "பிள்ளைத்தாச்சியைக் கொண்டு ரேடியோ ஓட்டுறான் எண்டு ஊர் என்னைக் காறித் துப்பும், பிள்ளை!"

அவரைவிடக் கத்தரீனாதான் கூடக் கத்தினாள். "உனக்கென்ன விசரே? கையைச் சுத்தினா கொடி பிள்ளையின்ரை கழுத்திலை சுத்தும். ஒண்டைப் பறிகுடுத்தது காணாதே?"

பெர்னடெட் சாய்மானம் உள்ள வாங்கொன்றைச் சைக்கிளருகே இழுத்துப் போட்டாள். அதில் முதுகைச் சாய்த்து இருந்து மிதியைப் பிடித்தாள். சந்தியோகு அவளுடைய வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினான். வயிறு இறுகினால் நிறுத்தச் சொல்லியிருந்தார் டொக்டர். சில்லு சுழன்றது. வானொலி இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.

"இறுகேல்லை" என்றான் சந்தியோகு, நம்ப முடியாதவன் போல. "பஞ்சு மாதிரிக் கிடக்கு."

அதன் பிறகு சாப்பிட்டு எழுந்த கையோடு சுற்றுவது வழக்கமாயிற்று. பின்னேரச் செய்திக்கு அயலவர்கள் வேலியோரம் கூடினார்கள். எங்கே குண்டு விழுந்தது, கப்பல் வருமா, பேச்சுவார்த்தை நடக்குமா என்று அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, பெர்னடெட் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சுற்றும்போது உள்ளே பிள்ளை தாலாட்டில் கிடப்பதுபோல அடங்கிக் கிடக்கும். கையை எடுத்து மூச்சு வாங்கினால், விழித்து ஓர் உதை விடும்.

கிளினிக்கில் மஞ்சள் பச்சையானது. பிறகு ஒருநாள், எவ்வளவு காய்ச்சியும், நீலம் நீலமாகவே நின்றது. டொக்டர் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடியே நின்றார்.

"நான் கையைத்தானே சுத்தினன். வயித்துக்குள்ளை இருக்கிறதுக்கு அது எப்பிடித் தெரியும், டொக்டர்?"

"வேலை செய்யிற தசை, இன்சுலினை அவ்வளவு பாத்துக்கொண்டிராது அம்மா. தானே இரத்தத்திலையிருந்து சீனியை இழுத்து எரிக்கும். ஓய்ஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் இழுக்கும். புத்தகத்திலை படிச்சதுதான்." அவர் மறுபடியும் குழாயைப் பார்த்தார். "கண்ணாலை பாக்கேக்கை வேறை மாதிரிக் கிடக்கு."

பெர்னடெட் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். உள்ளே ஒரு கொடி பிள்ளைக்காக அள்ளி அள்ளிச் சேர்க்க, வெளியே இந்தக் கைகள் மிஞ்சியதை எரித்துப் பிள்ளையைக் காத்திருக்கின்றன. இரண்டும் அவளுடைய உடம்புதான். அவளைக் கேட்காமலே, அவளுக்குத் தெரியாமலே, தோலுக்குக் கீழே இத்தனையும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பூசை நேரத்தில் மணி அடிக்கும்போது வரும் மயிர்க்கூச்சு அவளுக்கு அங்கே, கிளினிக்கின் மர வாங்கில், வந்தது.

பிரசவத்தன்று தலை வந்ததும் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். தோள் வழுக்கிக்கொண்டு வந்ததை உடம்பால்தான் அறிந்தாள். அடுத்த கணம் அழுகை கேட்டது. பெண் பிள்ளை, ஏழு இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. கழுத்தில் கொடி சுற்றவில்லை.

"கோழிக்குஞ்சு மாதிரிக் கிடக்கு" என்று கத்தரீனா குறைப்பட்டாள். ஆனாலும் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நச்சுக்கொடியைத் தான் பார்க்க வேண்டும் என்று பெர்னடெட் கேட்டாள். பிரசவம் பார்த்த தாதி மிஸி திகைத்தாலும், அது கிடந்த பேசினைக் கொண்டுவந்து காட்டினாள். சிவந்த சதைத்தட்டில், நாளங்கள் மரக்கிளைகள் போலப் படர்ந்திருந்தன. பெர்னடெட் அதை நெடுநேரம் பார்த்தாள். "பாவம், நல்லாப் பாடுபட்டிருக்கு" என்றாள்.

பிள்ளைக்கு றோஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெர்னடெட்டின் சீனி பிரசவத்தோடு போய்விட்டது. வயது போகத் திரும்பி வரலாம், உடம்பை ஓய விடாதீர்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

1995 தொடக்கத்தில் சண்டை நின்ற அந்தக் கொஞ்ச மாதங்களில், சந்தியோகு இரவல் வள்ளத்தில் மறுபடியும் தொழிலுக்குப் போனான். ஒரு காலை பெர்னடெட் மகளைக் குருநகர்க் கரைக்குக் கூட்டிப்போனாள். கடலை அதுவரை கண்டிராத றோஸ், தாயின் கையை விட்டுவிட்டு அசையாமல் நின்றாள்.

"அம்மா, உது எங்கை முடியுது?"

"தெரியாதடி குஞ்சு" என்றாள் பெர்னடெட். பிறகு தானும் அவள் பக்கத்தில் குந்தியிருந்து, கடலை முதற்தடவை காண்கிறவள் போலப் பார்த்தாள்.