அவள் போட்டுவிட்ட எக்ஸ்டென்ஷன்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. பல வருஷமாக அந்த அறைக்கு நான்தான் ராணி. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் புதிதாக வேலைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் பவுசு போயிற்று.

அவள் பார்டர் வரைந்தால் முதலாளி எழுந்து வந்து பார்ப்பார். நான் வரைந்தால், "சரிம்மா, வச்சிட்டுப் போ" என்பார். இருவரும் வரைவது மயில்தான். அவளுடைய மயில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும், என்னுடையது போலீஸ்காரர் மாதிரி விறைத்து நிற்கும். அது எனக்கே தெரியும். தெரிவதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவள் இணையத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷனை இறக்கினாள். எங்கள் டிசைன் சாஃப்ட்வேரோடு அதைச் சேர்த்துக்கொண்டால், ஒரு பக்கத்துப் பார்டரை மறுபக்கத்துக்கு நொடியில் திருப்பிப் போட்டுவிடும். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அக்கா மெஷின்லயும் போட்டுக் குடுத்துடும்மா" என்றார். அவளே வந்து போட்டாள். இதைச் செய்தது யார், நம்பலாமா என்று சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி முடிந்து கல்யாணச் சேலைகள் தறியில் இருந்தபோது, ஒரு வாடிக்கையாளர் வந்து போனை நீட்டினார். தன் பெண்ணுக்கென்றே அவர் சொல்லிவைத்த மயில் பார்டர், எங்கோ ஒரு கடையின் ஆன்லைன் பக்கத்தில் பாதி விலைக்கு இருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து துருவினார். "இந்த எக்ஸ்டென்ஷன்தான் சார். நல்லதோட பேர வச்சிக்கினு வந்த போலி. யாரு செஞ்சதுன்னு உங்க சாஃப்ட்வேர் பாக்கறதே இல்ல. பேர் சரியா இருந்தா உள்ள சேத்துக்குது. அந்த ஓட்டைல பூந்து, ரெண்டு மெஷின்லேர்ந்தும் எல்லா டிசைனையும் அனுப்பிக்கினு இருந்துருக்குது."

சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கு மாட்டினாள் என்று வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். முதலாளியோ, "அழுவாதம்மா, உனுக்கு எப்டித் தெரியும்?" என்று அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று பேரும் அந்த ஆன்லைன் பக்கத்தைப் பார்த்தோம். சேலைக்குச் சேலை அவளுடையது. அவள் மயில், அவள் புட்டா, அவள் முந்தி. ஒவ்வொன்றுக்கும் அவள் விம்மினாள். அடுத்தது என்னுடையதாக இருக்கும், அடுத்தது என்னுடையதாக இருக்கும் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். பக்கம் முடிந்துவிட்டது.

"உங்களுது ஒண்ணும் போவலக்கா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வரைக்கும் நல்லதாப் போச்சு." மனதாரத்தான் சொன்னாள்.

போகாமல் என்ன? எல்லாம்தான் போயிருக்கிறது. திருடியவன் எங்கள் இருவர் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் அவளுடையதை எடுத்துக்கொண்டிருக்கிறான். முதலாளி ஓரவஞ்சனை செய்கிறார் என்று வீட்டில் தினமும் புலம்பிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத திருடனுக்கு என் மேல் என்ன ஓரவஞ்சனை?