ஸ்வர்ணலதாவைப் பற்றி விசாரித்த ஆள்

ஸ்வர்ணலதாவுக்கும் எனக்கும் ஆரணியில் ஒரே தெரு. இப்போது இருவரும் லிஸ்பனில் இருக்கிறோம். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை, அவளுக்கு ஜூடோ.

பட்டு நெய்கிற வீட்டுப் பெண். ஐம்பத்தேழு கிலோ பிரிவில் இந்தியாவுக்காக ஐந்து நாடுகளில் ஆடியவள். முழங்கால் போனதும் அணியில் இடம் போயிற்று. லிஸ்பனில் ஒரு கிளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டது. ஆறு வருஷத்தில் கால் தேறியது. அந்த நாட்டு அணியே அவளைக் கேட்டது. குடியுரிமை மாறினால் ஆடலாம். அதற்கு மனுப் போட, முடியப்போகிற இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாக வேண்டும்.

அதைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஊரில் விசாரித்த போலீஸ் ரிப்போர்ட் சரியில்லையாம். அவளுக்கு வயது இருபத்தொன்பது. இதை விட்டால் அப்புறம் ஆட்டமே இல்லை.

"எவளோ போட்டுக் குடுத்திருக்கா," என்றாள்.

எவள் என்று கேட்கவே வேண்டாம். சத்யப்ரியா. அவளோடு பயிற்சி எடுத்தவள், இப்போது சேத்துப்பட்டில் பி.டி. டீச்சர். 'நாட்ட வுட்டுட்டு ஓடறா' என்று வாட்ஸ்அப்பில் எழுதியவள். எனக்கு இன்னும் நாலு பேர் மேல் சந்தேகம் இருந்தது. என் பாஸ்போர்ட்டும் அடுத்த வருஷம் முடிகிறதே, என்னையும் போட்டுக் கொடுத்தால்!

இருவரும் ஊருக்குப் போனோம். ஸ்டேஷனில் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார்கள்: 'மேற்படி பெண் வெளிநாடு சென்றதில்லை. விளையாட்டு வீராங்கனை அல்ல. மனுவில் கூறியவை பொருந்தவில்லை. தகவல் தந்தவர், பக்கத்து வீட்டு எல்லப்பன்.'

எல்லப்பன் அண்ணன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா போலீஸ்காரர்கிட்ட அப்படி சொன்னீங்க?" என்றாள் ஸ்வர்ணலதா.

"அந்தாளு போலீசா?" டம்ளரைக் கீழே வைத்தார். "ஜீன்ஸ் பேண்ட்டு, பைக்கு. பொண்ணு எப்படி, கெட்ட பேர் ஏதாவது இருக்குதான்னு கேட்டுகினே இருந்தான். உங்கம்மா வேற தேவிகாபுரம் கோயிலுக்குப் போயிட்டாங்க. மாப்பிள்ளை வூட்டுல ரகசியமா விசாரிக்க அனுப்ச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"ஆளத் தூக்கிப் போட்டு அடிக்கிற பொண்ணுன்னா எவன் கட்டுவான்? போளூர தாண்டினதில்ல, ஜூடோ கீடோல்லாம் தெரியாது, அதிர்ந்து பேசாதுன்னேன். தெருவே அதத்தான் சொல்லிச்சு. நல்ல காரியம் பண்ணமேன்னு நாலு நாளா சந்தோஷமா இருந்தோம்மா."

ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்து நெஜத்த எழுதிக் குடுங்கண்ணா. ஜல்தி."

ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்து போட்டா நீ இந்தியாக்காரி இல்லன்னு ஆயிடுமா?"

"இப்ப ஆகாது. அப்புறம் ஆயிடும்."

"யாராவது மெரட்டி உன்ன மாத்தறாங்களா?" கேட்டது அவளை, பார்த்தது என்னை.

"நானாத்தான் மாறறேண்ணா. எனக்கு இன்னும் ஆடணும்."

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு ரேஷன் கார்டுல பேர் எடுப்போம். இது இன்னாவோ புதுசா கீது," என்று முனகிக்கொண்டே போட்டார்.

இருபது நாளில் பாஸ்போர்ட் லிஸ்பனுக்கு வந்தது. ஒன்றரை வருஷத்தில் நாடு மாறினாள். போன மார்ச்சில் முதுகில் புது நாட்டின் பெயரோடு இறங்கி, முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாவதில் மல்லாந்து விழுந்து தோற்றாள். சத்யப்ரியாவோடு இன்னும் பேச்சில்லை. அவள் எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தும்.

அவள் தோற்ற அன்றைக்கே எல்லப்பன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "செல்லுல பாத்துகினுதான் இருந்தேன். அந்த ரெஃப்ரி ஆளு சரியில்லப்பா. நம்ம பொண்ணு முதுகு தரையில படறதுக்குள்ளயே கையத் தூக்கிட்டான்."