ஜன்னலுக்கு வெளியே என் தம்பியின் கை

என் போனுக்கு வந்த செய்திகளில் பாதி, என் தம்பியின் வலது கையைப் பற்றியவை. ‘ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இல்லை’ என்று வரும். கீழே நேரமும் இடமும் இருக்கும். ஒருநாள் திருவரங்குளத்தில் என் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு பாவாடை தைத்து நாடா கோத்து முடிப்பதற்குள் பதினொரு செய்தி வந்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போவதற்குள் பதினொரு முறை கையை வெளியே நீட்டியிருக்கிறான்.

தம்பி பெயர் நாகராசு. வயது நாற்பத்தாறு. லாரி ஓட்டத் தொடங்கி இருபத்து மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. விராலிமலைக்கு முன்னால் ஒருமுறை ஒரு மயிலின் தோகைமேல் சக்கரத்தை ஏற்றியிருக்கிறான். மயில் எழுந்து போய்விட்டது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

விராலிமலைப் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் வேலை. இறால் தீவன மூட்டைகளைக் கோட்டைப்பட்டினம் வரை உள்ள பண்ணைகளில் இறக்கிவிட்டு வர வேண்டும். போன வருடம் புது லாரி கொடுத்தார்கள். ஏசி கேபின். சாலையைப் பார்க்க ஒரு கேமரா, பின்பக்கம் பார்க்க ஒரு கேமரா, ஓட்டுகிறவன் முகத்தையும் கையையும் பார்க்க ஒரு கேமரா. கொட்டாவி விட்டால் கத்தும். கை விலகினால் கத்தும். எச்சரிக்கை போய்ச் சேர வீட்டில் ஒருவருடைய நம்பரும் வேண்டும் என்றார்கள். அவன் என் நம்பரைக் கொடுத்துவிட்டான்.

“ஒம் பொண்டாட்டி நம்பரக் குடுக்கக் கூடாதாடா?”

“பொற்கொடி பயந்துருவாக்கா. நீன்னா திட்டத்தான் செய்வ.”

திட்டத்தான் செய்தேன். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு செய்தியையும் நேரத்தோடு எழுதிவைத்து, அவன் வீட்டுக்கு வந்ததும் படித்துக்காட்டுவேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்வான்.

“எட்டு இருவது?”

“ஸ்கூல் வேனு. போன்னு காட்டினேன்.”

“எட்டு இருவத்தொண்ணு?”

“அதே வேனு பின்னாடி ஒரு பைக்கு. அவன நில்லுன்னு காட்டினேன். எதுக்க பஸ் வந்துச்சு.”

எல்லாமே இப்படித்தான். இரண்டு வண்டி மட்டும் போகக்கூடிய ரோட்டில் லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. முன்னால் போகிறவன்தான் சொல்ல வேண்டும். உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டி அமுக்கினால் நில். முன்பக்கமாக வீசினால் போ. இதற்குத்தான் சைடு கொடுப்பது என்று பெயர்.

“என் வண்டி அவுகளுக்கு ஒரு செவருக்கா. செவத்துக்கு ஒரு ஜன்னலாச்சும் வேணாமா?”

“அதுக்குத்தான் இண்டிகேட்டர் இருக்கே.”

“அதப் போட்டா, இவன் திரும்பப் போறான்னு ஒருத்தன் நெனப்பான். நம்மளப் போகச் சொல்றான்னு இன்னொருத்தன் பூந்துருவான். கையில அந்தக் கொழப்பமே கெடையாது.”

அவன் மிஷினுக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புது லாரியின் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். மழையில் மிதித்தாலும் வழுக்காமல் நிற்கிறதாம். “பிரேக்குல வச்ச மிஷினு வண்டிய நிறுத்துதுக்கா. இந்தக் கேமரா என்னையத்தான் நிறுத்தப் பாக்குது” என்பான்.

அப்படித்தான் நடக்கப் பார்த்தது. கேமராவை வைத்துப் போடும் மதிப்பெண்ணில் மூன்று மாதம் தொடர்ந்து அவன்தான் கம்பெனியிலேயே கடைசி. பாதுகாப்பு அதிகாரி செம்மல், முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன், கூப்பிட்டுச் சொன்னாராம்: “முப்பது நாள் பாப்போம்ணே. கை ஒரு தடவ வெலகுனா மன்னிச்சுரலாம். ரெண்டாவது வந்துச்சுன்னா ரோட்டு வண்டிலேருந்து எறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கெடங்கு யார்டுலதான் வேல.”

லாரியிலிருந்து இறக்கினால் என் தம்பி என்ன செய்வான் என்று என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதனால் நானே கிளம்பிப் போய், ஜன்னல் கண்ணாடியை இறக்கும் பட்டன் மேல் நான்காக மடித்த துணியை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். நாலு பக்கமும் ஒட்டினேன்.

போன் அடங்கிவிட்டது. இருபத்தொன்பது நாளில் ஒரு செய்திகூட வரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். நாகராசுதான் அவ்வளவாகப் பேசவில்லை.

“இன்னைக்கு ஒரு கார்க்காரன் ஆலங்குடி ரோட்டுலேருந்து ஒட்டிக்கிட்டே வந்தான். கடைசியில தாண்டும்போது என்னமோ திட்டினான்.”

“என்னன்னு?”

“கண்ணாடி மூடியிருந்துச்சு, கேக்கல. ஏசியில அது ஒரு நல்லது.”

முப்பதாவது நாளன்று யார்டில் சாலைப் பாதுகாப்பு விழா வைத்திருந்தார்கள். நல்லபடியாக ஓட்டியவர்களின் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். நாகராசு விடியற்காலையில் லோடு இறக்கிவிட்டு, காலி வண்டியோடு நேரே அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. நாங்கள் எங்கள் ஊர்க் கண்ணுசாமியின் வாடகை வேனைப் பிடித்தோம். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியது. பொற்கொடி சேலை மாற்றியதில் பதினெட்டு நிமிடம் தாமதம்.

அன்னவாசல் தாண்டியதும் வேன் ஊர ஆரம்பித்தது. எனக்குக் கடைசி இருக்கை. கண்ணாடி வழியாக முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

“கண்ணுசாமி, பதினோரு மணிக்கு விழா. இப்பவே பத்து இருவது.”

“நான் பறக்கவாக்கா முடியும்? முன்னாடி போறானே, எவன் பெத்த புள்ளயோ, சைடே குடுக்க மாட்டேங்கிறான். இந்தக் கம்பெனி வண்டிக்காரனுக எல்லாம் இப்பக் கல்லு மாதிரி போறானுக.”

“அவுக கம்பெனி வண்டிதான்” என்றாள் பொற்கொடி. “எல்லாம் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா அவுக இப்பிடிக் கெடையாது.”

“சும்மா பேசிக்கிட்டே வந்தா எப்பிடி? ஏறிப் போப்பா” என்றேன் நான்.

கண்ணுசாமி வேனின் மூக்கை வலப்பக்கம் நீட்டினான். உள்ளே இழுத்துக்கொண்டான். மறுபடியும் நீட்டினான்.

“போப்பா!” என்றேன்.

மூன்றாவது முறை அவன் திருப்பும்போது லாரியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, தரையைப் பார்த்து அமுக்கியது. கண்ணுசாமி சட்டென்று பின்வாங்கினான். வளைவிலிருந்து ஒரு பஸ் வந்து எங்களை உரசினாற்போல் போனது. என் மடியில் போன் கத்தியது.

‘ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இல்லை. 10.24. அன்னவாசல் – இலுப்பூர்.’

பாவி, கடைசி நாளில் எங்கேயோ கையை நீட்டிவிட்டானே என்றுதான் முதலில் தோன்றியது. போகட்டும், ஒன்று மன்னிப்பு உண்டு. அதற்குள் முன்னால் இருந்த கை மறுபடியும் வெளியே வந்தது. ‘போ’ என்று வீசியது. வேன் வலப்பக்கம் ஏறியது. போன் இரண்டாவது முறை கத்தியது. தலையை நிமிர்த்தினேன். லாரியின் ஜன்னல் திறந்திருந்தது. நான் ஒட்டிய பிளாஸ்திரி ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடியது. என் தம்பி எங்களைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழாவுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். முதல் பரிசான சுவர்க் கடிகாரம் நிலவழகன் என்ற ஓட்டுநருக்கு. நூற்றுக்கு நூறு. அந்த மாதம் அவன் லாரி இருபத்திரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றதாம். “நான் வண்டியே ஓட்டலண்ணே” என்று என் தம்பியிடம் வந்து நெளிந்தான்.

நான் செம்மலிடம் போனேன். “தம்பி, அவனுக்குப் பின்னாடி வந்த வேன்ல நாங்கதான் இருந்தோம். அவன் கை காட்டலேன்னா பஸ்ஸுல போய்ச் சொருகியிருப்போம்.”

“புரியுதுக்கா. ஆனா அதெல்லாம் சிஸ்டத்துல வராதே.”

“பின்னாடியும் ஒரு கேமரா இருக்குல்ல?”

“அது ரிவர்ஸ் போட்டா மட்டுந்தான் வேல செய்யும்க்கா.” அவர் முகமும் நன்றாக இல்லை. உத்தரவு மட்டும் மாறவில்லை.

வெளியே வந்து நாகராசுவைப் பிடித்துக்கொண்டேன். “நாங்கன்னு தெரிஞ்சுதான் கை காட்டுனியா?”

“நீங்கன்னு தெரிஞ்சா காட்டியிருக்க மாட்டேன். நோட்டுல எழுதிருவியே.”

“நில்லுன்னு காட்டுனதோட விட்டுருக்கலாமேடா. ஒண்ணுக்கு மன்னிப்பு இருந்துச்சே.”

“நில்லுன்னு சொன்னவன் போன்னு சொல்ல வேணாமா? பாதியில விட்டா, அந்த வேன்காரன் விராலிமல வரைக்கும் என் கையப் பாத்துக்கிட்டே வருவான்ல?”

இப்போது அவன் யார்டில் இருக்கிறான். கிடங்கு வாசலுக்கு லாரிகள் பின்னோக்கி வரும்போது, பின்பக்கக் கேமராவில் தீவனத் தூசி படிந்து ஒன்றும் தெரிவதில்லையாம். அதனால் ஒருவர் நின்று வா, நில் என்று காட்ட வேண்டும். கை நன்றாகத் தெரியட்டும் என்று வெள்ளைக் கையுறை கொடுத்திருக்கிறார்கள். பளபளக்கும் பச்சைச் சட்டை தோளில் இரண்டு அங்குலம் தொளதொளவென்று இருந்தது. பிரித்துச் சரியாகத் தைத்துக் கொடுத்தேன். கையை நீட்டியதற்காக லாரியிலிருந்து இறக்கியவர்கள், நாள் முழுக்கக் கையை நீட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். சாயங்காலம் வந்து ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறான்.

சென்ற வியாழக்கிழமை, ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. ‘ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இல்லை. 9.42. அன்னவாசல் – இலுப்பூர்.’ என் நம்பரை நீக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. என் தம்பி ஓட்டிய லாரியை இப்போது ஓட்டுவது நூற்றுக்கு நூறு நிலவழகன். உடனே யார்டுக்குப் போன் போட்டேன்.

“நாகராசு, நிலவழகன் கைய நீட்டுறான்டா.”

“எங்கிட்டு?”

“அதே வளைவு.”

“எத்தன தடவ?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?” அவன் குரலில் கவலை வந்துவிட்டது. “நில்லுன்னு சொல்லிட்டு அப்பிடியே விட்டுட்டானா?”

நான் பதில் சொல்வதற்குள் காதோடு வைத்திருந்த போன் இன்னொரு முறை கத்தியது.

“இந்தா, வந்துருச்சு. ரெண்டாவது.”

“அப்பச் சரி” என்று போனை வைத்தான்.