எழுப்பக் கூடாத உறக்கம்

கொண்டாப்பூர் அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில், உறைந்துபோன திரையில் ‘டி’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சுட்டியபடி அவள் நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரி. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவள். நான் அலுவலகம் இருந்த ஊரிலேயே, லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். ஒரு வார்டின் நோயாளிகள் அனைவரின் இதயத்துடிப்பையும் பதிவுசெய்யும் கருவியின் இயங்குதளத்துக்கு அடித்தளமான கெர்னலில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம்.

டிஸ்கிலிருந்து பழைய பதிவு வரும்வரை நிரலில் தனியே ஓடும் ஒரு பகுதி, அதாவது ஓர் இழை, உறங்கிக் காத்திருக்கும். அந்த உறக்கம் இரண்டு வகை. ஒன்றில், ‘நிறுத்து’ என்று கட்டளை வந்தால் இழை பாதியில் விழித்துக்கொள்ளும். மற்றதில், கேட்டது கிடைக்கும்வரை எந்தக் கட்டளையும் அதை எழுப்பாது. ‘டி’ இந்த இரண்டாவதன் அடையாளம். எங்கள் கருவி சில வேளைகளில் அதிலிருந்து எழவே இல்லை. மின்சாரத்தை நிறுத்த வேண்டியதுதான்; வார்டு முழுவதற்கும் பதிவு அறுந்துபோகும்.

“ஒரு வரிதானேம்மா, முதல் வகையா மாத்திடுங்க. வெள்ளிக்கிழமை அனுப்பணும்” என்றார் மேலாளர்.

“மாத்த மாட்டேன் சார். இழை எந்திரிச்சுப் போயிரும், டிஸ்க் நிக்காதுல்லா? அது பாட்டுக்கு மெமரியில அதே இடத்துல எழுதும். அந்த இடத்த அதுக்குள்ள வேற நோயாளிக்குக் கொடுத்திருப்போம்.”

“அப்போ வேற ஆள் மாத்துவாங்க.”

“மாத்தட்டும். என் கையால மாட்டேன்.”

கேன்டீனில் நான், வேண்டாம் என்பதற்கான எங்கள் ஊர்ச் சொல்லில், “விடு, டென்ஷன் நக்கோ” என்றேன். “டென்ஷன் இல்லட்டி. எழுப்ப வேண்டியவன் எங்கயோ எழுப்பாமப் போறான். அவனப் பிடிக்கணும்” என்றாள்.

பிடித்தோம். கருவி பதிவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே டிஸ்கின் கேபிளை வேண்டுமென்றே உருவி உருவிப் பார்த்தோம். பிழை நேரும்போது மட்டும், டிஸ்கை இயக்கும் நிரல் உறங்கும் இழையை எழுப்பாமலே திரும்பிவிடுவது தெரிந்தது. முதலில் டிஸ்கை அடக்கி எழுதவிடாமல் நிறுத்து, பிறகு ‘கிடைக்கவில்லை’ என்ற செய்தியோடு இழையை எழுப்பு என்று அவள் திருத்தினாள். மேலாளர் சொன்ன மாற்றத்தையும் அவரெதிரே ஓட்டிக் காட்டினாள். ஒரு நோயாளியின் பெயருக்குக் கீழே இன்னொருவரின் துடிப்பு ஓடியது. மேலாளர், “உங்களோடதையே போடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை தவறியது. அந்த ஆண்டு அவளுக்குப் பதவி உயர்வு இல்லை. தாமதத்துக்குக் காரணமானவள் என்று குறிப்பு எழுதினார்கள். அதற்காக அவள் ஒருநாளும் குரல் தாழ்த்தவில்லை. இப்போது வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் இருக்கிறாள்.

சென்ற மாதம் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வார்டில் எங்கள் கருவி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘டிஸ்க் பழுது’ என்று சிவப்பில் எழுத்து வந்தது. திரை உறையவில்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே அப்பாவின் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நான் வராந்தாவுக்கு வந்து அவளைப் போனில் கூப்பிட்டு, கருவியைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினேன்.

“அது கெடக்கட்டும்” என்று நிறுத்தினாள். “அப்பா எப்படிட்டி இருக்காவ?”