வெளுத்த இடது கை

காரவள்ளியில் பேருந்து மலையேறத் தொடங்கியதும், என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தவர் இடது கையை வெயிலில் நீட்டினார். நல்ல உயரம், நரைத்த மீசை, வெயிலில் கறுத்த முகம். வலது கையும் அதே கறுப்புதான். இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வேறொருவருடையது போல வெளுத்திருந்தது. வளைவில் வெயில் மறைந்தால் கையை உள்ளே எடுப்பார். வெயில் திரும்பியதும் மறுபடி நீட்டுவார்.

"ஏனுங்க, கையை உள்ள வைங்க. பாறை உரசுச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியத் திருப்போணும்" என்றார் நடத்துனர். ஜன்னலோரத்தவர் கேட்கவில்லை.

மிளகு விற்றுவிட்டு வெறும் சாக்கோடு முன்னிருக்கையில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி, அந்தக் கையில தீ பட்டுச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. கோல்ஃப் ஆடுனவன். இந்தக் கைக்கு மட்டும் உறை போடுவோம். சாம்பியனாக்கூட இருந்தேன். முதுகு போச்சு, போன மாசம் விட்டுட்டேன். பார்க்கறவங்கெல்லாம் கையைப் பத்தியே கேக்கறாங்க. அதான் காய வைக்கிறேன்."

"அட, பந்தடிச்சா கை வெளுக்குதுங்களா? மிளகு பறிச்சு எங்களுக்குக் கறுத்துப் போச்சு. கவலைப்படாதீங்க சாமி, எங்க மலை வெய்யிலுக்கு ரெண்டு கையும் சீக்கிரம் ஒண்ணாயிரும். அப்புறம் ஆட்டக்காரர்னு நீங்களே சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார்.

அடுத்த வளைவில் வெயில் நேராக அவர் மடியில் விழுந்தது. அவர் கையை நீட்டவில்லை. கைக்குட்டையை விரித்து அந்த வெளுத்த கையின் மேல் போட்டுக்கொண்டார். செம்மேட்டில் இறங்கி நடந்தபோதும் அந்தக் கை கைக்குட்டைக்குள்ளேயே இருந்தது. நடத்துனர் அதட்டியும் உள்ளே வராத கை அது.